கும்பகோணத்துல அப்பாவோட பஸ்ஸை மாடலா செஞ்சு வாங்குனேன், அந்தத் தம்பி காசு வாங்குற முறையைப் பத்தி சொல்லணும்

2025 தை மாசம் திருக்கடையூர்ல அப்பாவுக்கு பீமரத சாந்தி பண்ணோம், 70 முடிஞ்சது. வேட்டி சட்டை, மோதிரம்னு எல்லாரும் எதையாவது கொடுப்பாங்க, நாம என்ன கொடுக்கலாம்னு ரொம்ப நாள் யோசிச்சு கடைசியில அவர் கண்டக்டரா ஓடுன மாயவரம் கும்பகோணம் பஸ்ஸையே சின்னதா செஞ்சு பெயிண்ட் பண்ணிக் கொடுத்துடலாம்னு முடிவு பண்ணேன். சொந்தக்காரங்க குரூப்புல போட்டோ போட்டதுலேருந்து யார் செஞ்சது, எவ்வளவு ஆச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க, அதான் ஒரேயடியா எழுதிடுறேன். வண்டி அழகா வந்திருக்கு, அது போட்டோவைப் பாத்தாலே தெரியும். நான் சொல்ல வந்தது காசு விஷயம், ஏன்னா இந்த மாதிரி ஆர்டர் கொடுத்து செய்யற வேலையில முக்காவாசி சண்டை அங்கதான் வருது, எனக்கே ஒருதடவை வந்திருக்கு.

அதை முதல்ல சொல்லிடுறேன். ரெண்டு வருஷம் முன்னாடி வேற ஊர்ல ஒருத்தர்கிட்ட அக்கா பையனுக்காக ஒரு வண்டி சொல்லியிருந்தேன், ஊரு பேரெல்லாம் வேணாம். 9,000 ரூபா, மொத்தத்தையும் முன்னாடியே அனுப்புங்கன்னாரு, அவரோட வேலை நிஜமாவே நல்ல வேலை, பாத்து மயங்கி அன்னிக்கு ராத்திரியே அனுப்பிட்டேன். ஏழு மாசம். முதல் ரெண்டு மாசம் வாய்ஸ் நோட்டு வரும், அப்புறம் சக்கரம் வரலை, அப்புறம் உடம்பு சரியில்ல, அப்புறம் ப்ளூ டிக் மட்டும்தான். கடைசியில நேர்ல போயி நின்னப்போ மேஜையில இருந்தது வேற யாரோட வண்டியோ, எனக்கு ஷீட்டே வெட்டலை. 5,000 மூணு தவணையா திரும்பி வந்துச்சு, 4,000 போச்சு. அவரைத் திருடன்னு நான் சொல்லமாட்டேன், அவர் வீட்டு நிலைமையைக் கண்ணால பாத்தேன். முழுப்பணமும் வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கைக்கு வந்தா அது வீட்டுச் செலவுல கரைஞ்சிடுது, அப்புறம் என் வண்டிக்கு ஷீட் வாங்க அடுத்த ஆளோட அட்வான்ஸ் வந்தாதான் உண்டு, அந்த ஆளோட வண்டிக்கு அதுக்கடுத்த ஆளு, இப்படியே சங்கிலி மாதிரி போயி எங்கயாவது ஒரு இடத்துல அறுந்துடும், நான் அறுந்த இடத்துல மாட்டிக்கிட்டேன்.

அதனால இந்தத் தடவை யார்கிட்ட போனாலும் முதல்ல காசைப் பத்திதான் கேக்குறதுன்னு இருந்தேன். கும்பகோணம் பக்கத்துல இருக்கற இந்தத் தம்பியை பஸ் ஆர்வலர் ஒருத்தர் சொல்லிவிட்டாரு. பகல்ல டூவீலர் ஒர்க்‌ஷாப்புல டிங்கரிங் பெயிண்டிங், ராத்திரியும் ஞாயித்துக்கிழமையும் மாடல் வேலை. மாசத்துக்கு ஒரு வண்டிதான் முடியும், வரிசை ஏற்கனவே நீளமா இருக்கு, பேர் போட்டுடாதீங்கண்ணேன்னு கேட்டுக்கிட்டாரு, அதனால பேர் இல்ல, நிஜமா வேணுங்கறவங்க என்கிட்ட தனியா கேளுங்க.

நான் ஃபோன்ல எவ்வளவு தம்பின்னு கேட்டேன், உடனே விலை சொல்லலை. வண்டி எந்த வருஷம், எந்த டெப்போ, உள்ள சீட்டு வேணுமா வெளியில மட்டும் போதுமா, கதவு தொறக்கணுமா, லைட்டு எரியணுமான்னு வரிசையா கேட்டு, போட்டோ அனுப்பச் சொல்லி, ரெண்டு நாள் கழிச்சுதான் தொகை சொன்னாரு. 24ல ஒரு பங்கு அளவு, அதாவது 11 மீட்டர் வண்டின்னா கிட்டத்தட்ட 46 சென்டிமீட்டர் வரும், ஒன்றரை அடி. பாடி பூரா ஃபோம் ஷீட், கண்ணாடிக்கு ஓஎச்பி ஷீட்டுங்கற தெளிவான பிளாஸ்டிக், உள்ள சீட்டு, டிரைவருக்குப் பின்னாடி திருக்குறள் பலகை, கண்டக்டர் பை ஒண்ணு கம்பியில மாட்டுனாப்ல. மொத்தம் 14,500. பேரம் பேசலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு, ஆனா அந்தத் தொகையை அவர் பிரிச்சுக் காமிச்ச விதத்துல அடங்கிட்டேன்.

பிரிச்சது இப்படி. வரிசையில இடம் புடிக்க 1,000, இது நம்ம மனசு மாறுனா திரும்பி வராது, வேலை நடந்தா மொத்தத்துல கழிஞ்சுடும். நம்ம முறை வந்து ஷீட்டு, பெயிண்டு, சக்கரம் வாங்கப் போறப்போ 4,000. பாடி கட்டி முடிச்சு கலருக்கு முன்னாடி அடிக்கற சாம்பக் கலர் பிரைமர் அடிச்சதும் நாலு பக்கமும் வீடியோ அனுப்புவாரு, நாம பாத்து சரின்னா இன்னொரு 4,000. மீதி 5,500 வண்டி முடிஞ்சு நேர்ல வந்து பாத்து எடுக்கறப்போ, கூரியர்னா பாக் பண்றதுக்கு முன்னாடி. நாலு தடவை காசு போகுது, நாலு தடவையும் அந்த நேரத்துல அவர் கையில என்ன வேலை இருக்கோ அதுக்குச் சரியா போகுது. நடுவுல எங்க நின்னாலும் அவருக்கும் பெரிய நட்டம் இல்ல எனக்கும் பெரிய நட்டம் இல்ல. அந்த 9,000 ஞாபகம் இருக்கறவனுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதின்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

இதை வாயால சொன்னதோட விடலை. ஒரு நீள நோட்டு வச்சிருக்காரு, ஆளுக்கு ஒரு பக்கம், அதுல என்ன பேசுனோம், என்ன கலர், எத்தனை தடவை மாத்தலாம், எந்தத் தேதியில எவ்வளவு வந்துச்சுன்னு கையால எழுதி அதைப் போட்டோ எடுத்து அனுப்பிடுவாரு. நமக்கும் ஒரு காப்பி ஆச்சு. கம்ப்யூட்டர் பில்லு கிடையாது, ஆனா இந்தப் பக்கத்துல இருக்கற தெளிவு நான் கடையில வாங்குன பல பில்லுல இருந்ததில்ல.

பிரைமர் வரைக்கும் எது வேணாலும் இலவசமா மாத்திக்கலாம், அதுக்கப்புறம் மாத்துனா தனிக் காசுங்கறது அவரோட கணக்கு. முதல்ல எனக்கு இது கெடுபிடியா தெரிஞ்சுது, அப்புறம் யோசிச்சா நம்ம சுவாமிமலையில நடக்கறதும் இதேதானே. எங்க பெரியப்பா அங்க ஒரு அம்பாள் விக்கிரகம் சொல்லியிருந்தப்போ நானும் கூடப் போயிருக்கேன். மெழுகுல உருவம் புடிச்சுட்டு ஸ்தபதி கூப்பிட்டுக் காமிப்பாரு, கண்ணு, இடுப்பு, கை முத்திரை எதுவா இருந்தாலும் அப்பவே சொல்லிடணும். மேல காவேரி வண்டல் பூசி, சூடு காட்டி மெழுகை உருக்கி வெளிய எடுத்து உலோகத்தை ஊத்திட்டா அப்புறம் அச்சை உடைச்சுதான் விக்கிரகத்தையே எடுக்கணும், போனது போனதுதான். பெரியப்பா அன்னிக்கு மெழுகைப் பாத்துட்டுதான் அடுத்த பணத்தைக் கொடுத்தாரு. இந்தத் தம்பிக்கு பிரைமர்தான் அந்த மெழுகு. சாம்பக் கலர்ல இருக்கறப்போ ஜன்னல் கோணல், வளைவு, இடைவெளி எல்லாம் பளிச்சுனு தெரியும், கலர் ஏறிட்டா மறைஞ்சுடும், அதனாலதான் அந்த இடத்துல வீடியோவையும் காசையும் வச்சிருக்காரு.

கலருக்கும் இதே மாதிரிதான். என்கிட்ட இருந்தது 94ல எடுத்த ஒரே போட்டோ, சாயம் போயி எல்லாமே மஞ்சளா இருந்துச்சு. நீங்களே ஏதாவது அடிச்சிடுங்க தம்பின்னேன், அவர் ஒத்துக்கலை, மூணு ஷேடு அட்டையில அடிச்சுக் கொடுத்துவிட்டாரு, அப்பா கூட ஓடுன டிரைவர் மாமாகிட்ட கொண்டுபோய்க் காமிச்சேன், அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாசல் வெயில்ல வச்சுப் பாத்து ஒண்ணுல விரலை வச்சாரு. அந்த அட்டைக்குப் பின்னாடி என்னைக் கையெழுத்துப் போட வச்சு நோட்டுல ஒட்டிட்டாரு. நாளைக்கு நான் இது இல்ல அந்தக் கலர்னு சொல்ல முடியாது பாருங்க.

இப்போ எனக்கும் அவருக்கும் லேசா உரசல் வந்த இடத்தையும் சொல்லணும். முன்னாடி மாட்டுற ஊர் போர்டுல என்ன எழுதறதுன்னு கேட்டாரு, நான் மாயவரம்னு சொன்னேன், எங்க வீட்ல இன்னிக்கு வரைக்கும் மாயவரம்தான். "அண்ணே வண்டி 94ன்னு சொல்றீங்க, ஊர் பேரு 82லயே மாறிடுச்சு, போர்டுல மயிலாடுதுறைன்னுதான் இருந்திருக்கும், யோசிச்சுச் சொல்லுங்க"ன்னாரு. பரவால்ல எனக்கு மாயவரம்தான் வேணும்னுட்டேன். நோட்டுல எழுதிக்கிட்டாரு. பக்கவாட்டுல சோழன் போக்குவரத்துக் கழகம்னு வரணும், நம்பர் டிஎன் 49ல வரணும்னு எல்லாம் அவரே சரிபாத்து வச்சிருந்தாரு, சோழன், சேரன், பாண்டியன்னு இருந்த பேரெல்லாம் 97லதான எடுத்தாங்க, அதுக்கு முன்னாடி வண்டி இது. எல்லாம் எழுதி முடிச்ச வீடியோவை அம்மாகிட்ட காமிச்சா, முதல் பார்வையிலேயே "போர்டு தப்புடா, உங்கப்பா தினம் கையில தூக்கி மாட்டுன போர்டு, அவருக்குத் தெரியாதா"ன்னுட்டாங்க. நான் ஃபோன் பண்ணி மாத்தணும் தம்பின்னேன். 600 ஆகும்ண்ணேன்னாரு. அந்த நிமிஷம் சுருக்குனு இருந்துச்சு, ஒரு போர்டுதானேன்னு. அப்புறம் நோட்டுப் பக்கத்தைப் பாத்தா என் வாயால சொன்னது தேதியோட இருக்கு, அவர் எச்சரிக்கை பண்ணதும் இருக்கு. பழைய எழுத்தைத் தேய்ச்சு எடுத்து, திரும்ப வெள்ளை அடிச்சு, காயவிட்டு, திரும்ப எழுதறது ஒரு ராத்திரி வேலை. அனுப்பிட்டேன். 600 கேக்காம முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு செஞ்சு கொடுத்திருந்தா அந்தக் கோவம் வேற எங்கயாவது மாஸ்கிங் டேப் ஒட்டுற இடத்துல வந்து நின்னுருக்கும்.

தாமதம் ஆச்சு, மறைக்கலை. கார்த்திகை மொதல் வாரம் முடிஞ்சுடும்னு சொன்னது 12 நாள் தள்ளிப் போச்சு. 2024 நவம்பர் கடைசியில ஃபெங்கல் புயல் கரையைத் தொடறதுக்கு முன்னாடியே நம்ம டெல்டா பக்கம் எப்படி ஊத்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். அந்த ஈரக் காத்துல கிளியர் கோட், அதாவது கலருக்கு மேல அடிக்கற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு, அடிச்சா மேல வெள்ளை பூத்துடும், பளபளப்பு போயி புகை படிஞ்சாப்ல ஆயிடும், அடிச்சா அதுவரைக்கும் செஞ்ச வேலை பூரா கெட்டுடும்னு அவரா ஃபோன் பண்ணிச் சொன்னாரு. சொன்னதோட, பிரைமருக்கான 4,000 ஏற்கனவே வந்துடுச்சுண்ணே, வெயில் வர்ற வரைக்கும் நான் உங்ககிட்ட எதுவும் கேக்கமாட்டேன், தை விசேஷத்துக்குள்ள முடியலன்னா முன்னாடியே சொல்லிடுவேன்னாரு. நான் முன்ன மாட்டிக்கிட்ட கதையில ஒருநாள் கூட இந்த மாதிரி ஒரு ஃபோன் வந்ததில்ல.

வண்டி எடுக்கப் போனப்போ அவர் வீட்டுப் பரண்ல ஒரு அலமாரி காமிச்சாரு. அஞ்சு வண்டி, பாலித்தீன் சுத்தி நிக்குது. எல்லாம் ஆரம்பத்துல, இந்தத் தவணை முறை வர்றதுக்கு முன்னாடி, 500 ரூபா மட்டும் வாங்கிக்கிட்டு நம்பிச் செஞ்சது, ஆள் வரலை. விக்க வேண்டியதுதானன்னு கேட்டேன். "யாருக்குண்ணே விக்கறது, ஒவ்வொண்ணுலயும் அவங்கவங்க ரூட்டு, அவங்கவங்க நம்பரு, ஒண்ணுல கண்ணாடியில புள்ளைங்க பேரே எழுதியிருக்கு"ன்னாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கடையில வாங்குற பொம்மைன்னா நீங்க வேணாம்னா அடுத்தவன் வாங்குவான், பேர் போட்டுச் செஞ்ச வண்டியை அந்த வீட்டைத் தவிர வேற யாரும் வாங்கமாட்டாங்க. அந்த அலமாரியைப் பாத்ததுலேருந்து அட்வான்ஸ் கேட்டா முகம் சுளிக்கறவங்களைக் கண்டா எனக்கு எரிச்சலா வருது. கல்யாண மண்டபத்துக்கும் மேளத்துக்கும் அச்சாரம் கொடுக்காம வருவாங்களா, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மூணு முடி பிரஷ்ஷை வச்சு எழுத்து எழுதறவனுக்கு மட்டும் வேலை முடிஞ்சதும் பாத்துக்கலாம்னா எப்படி.

அவர் பட்டது இன்னும் இருக்கு. ஒருத்தன் பணம் அனுப்புன மாதிரி ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பி வண்டியைத் தூக்கிட்டுப் போயிட்டான், அன்னியிலேருந்து பேங்க் கணக்குல ஏறுனதைப் பாக்காம கதவுக்கு வெளிய வண்டி போறதில்ல. இன்னொருத்தன் அட்வான்ஸ் அனுப்புறேன்னு சொல்லிட்டு பணம் கேக்கற ரிக்வெஸ்ட் அனுப்பி பின் போடச் சொல்லியிருக்கான், பணம் வாங்குறதுக்கு பின் போடவே தேவையில்ல, போட்டா நம்ம கணக்குலேருந்துதான் போகும், நல்ல வேளையா அவர் சம்சாரம் தடுத்துட்டாங்க. இந்த வேலை செய்யற எல்லாரும் இதைத் தெரிஞ்சு வச்சுக்கங்க. நம்ம பக்கமும் ஒண்ணு, ஜிபே ஃபோன்பேல நாம பின் போட்டு அனுப்புனது அனுப்புனதுதான், அந்தப் பக்கம் ஆளு மனசு வச்சாதான் திரும்பும். வெளிநாட்டுல பொம்மை, குதிரை, போர் வீரன் மாடல்னு ஆர்டருக்கு பெயிண்ட் பண்றவங்க பாதி முன்னாடி, மீதி அனுப்பறதுக்கு முன்னாடின்னு வாங்குறதுதான் பரவலா இருக்கற வழக்கம், பேபால்ல இன்வாய்ஸ் போட்டு பணம் வாங்குனா பொருள் வாங்குறவனுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கு, ஆனா நண்பர்களுக்கு அனுப்பறதுன்னு இருக்கற வழியில அனுப்புனா அதுவும் கிடையாது. இந்தத் தம்பிக்கு சிங்கப்பூர்லேருந்து நம்மூர் ஆளுங்க ஆர்டர் கொடுக்கறாங்களாம், அவங்க இங்க இருக்கற அண்ணன் தம்பி மூலமா இதே நாலு தவணையிலதான் கட்டறாங்க, அவங்களுக்குன்னு தனி விலை கிடையாதுன்னாரு.

எனக்குப் புடிக்காததும் சொல்லிடுறேன். பகல்ல ஃபோன் எடுக்கவே மாட்டாரு, ராத்திரி ஒம்பதுக்கு மேலதான். க்யூஆர் ஸ்கேன் பண்ணா அவர் சம்சாரம் பேர் வருது, முதல் தடவை நான் பயந்து போயி அனுப்பாம விட்டுட்டேன், இதை முன்கூட்டியே நோட்டுப் பக்கத்துல எழுதிடுங்கன்னு சொல்லியிருக்கேன். கூரியர் பெட்டிக்கு 800 தனின்னு கடைசியிலதான் சொன்னாரு, நான் நேர்ல போனதால எனக்குப் பிரச்சனை இல்ல, ஆனா அதையும் முதல் நாளே மொத்தத்தோட சேத்துச் சொல்லணும். வழியில உடைஞ்சா யார் பொறுப்புங்கறதும் நோட்டுல இல்ல, முடிஞ்ச வரைக்கும் நேர்ல போயி எடுத்துக்கங்க, பஸ்ல மடியில வச்சுக் கொண்டுவந்தேன், ஆடுதுறை, குத்தாலம்னு ஒவ்வொரு ஸ்டாப்புலயும் நாலு பேர் எட்டிப் பாத்தாங்க. கண்டக்டர் டிக்கெட் கிழிக்காம பத்து நிமிஷம் நின்னு பாத்தாரு.

மார்க் போடச் சொன்னா வேலைக்கு 5க்கு 5, காசு விஷயத்துக்கும் 5க்கு 5, பேச்சுவார்த்தைக்கு 3. மொத்தம் எனக்கு ஆனது 15,100, அந்த போர்டு 600 சேத்து.

திருக்கடையூர்ல விசேஷம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து சாயந்தரம்தான் பெட்டியைத் தொறந்தோம். அப்பா முதல்ல போர்டைப் பாத்தாரு, அப்புறம் நம்பரை, அப்புறம் ஜன்னல் வழியா உள்ள குனிஞ்சு அந்தப் பையைப் பாத்தாரு. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் எவ்வளவு கொடுத்தேன்னு கேட்டாரு, சொன்னேன். டிக்கெட் கணக்குல பத்து ரூபா குறைஞ்சா சொந்தக் கையிலேருந்து போட்டு டெப்போவுல கட்டிட்டு வந்த ஆளு அவரு. "பாக்கி எதுவும் வைக்கலையே, பையன் கைக்கு முழுசா போய்ச் சேந்துடுச்சா?"ன்னு கேட்டாரு. நோட்டுப் பக்கத்துப் போட்டோவை ஃபோன்ல எடுத்துக் கொடுத்தேன். அஞ்சு வரியையும் விரலால ஓட்டிக் கூட்டிப் பாத்துட்டு, சரியா இருக்குன்னு சொல்லி ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாரு.